தொட்டிலுக்கும் பாடைக்கும் நடுவே

தேயிலைத் தோட்டத்தில் தெரு கிடையாது. இலங்கை மலைநாட்டின் ஹட்டன் பட்டணத்திலிருந்து டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா என்று எந்தப் பக்கம் போனாலும் பாதைகள் நிறையத் தெரியும். கொழுந்து லொறி போகும் பாதை, துரை பங்களாவுக்கு ஏறும் பாதை, தேயிலை நிரைகளுக்குள் புகுந்து மறையும் ஒற்றையடிப் பாதை, தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் கான் ஓரமாக ஓடும் பாதை. இவற்றில் ஒன்றுகூட அங்கே வாழ்கிறவர்களுக்குச் சொந்தமாக இருந்ததில்லை. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் அனுமதி இல்லாமல் தோட்டத்து எல்லைக்குள் கால் வைத்தவன் அத்துமீறியவன். தொழிற்சங்கம் கட்ட வந்தவர்களை விரட்ட இந்த ஒரு குற்றச்சாட்டே போதுமானதாக இருந்தது. ஊர் என்றால் ஒரு முச்சந்தி, முச்சந்தி என்றால் நாலு பேர் நின்று நாட்டு நடப்புப் பேசுகிற இடம் என்பது தஞ்சாவூரிலிருந்தும் திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்தவர்களுக்குப் பழக்கமான வாழ்க்கை. தோட்டத்தில் சனம் மொத்தமாக நின்ற இடங்கள் வேறு. விடியற்காலையில் பெரட்டுக்களம். அதன் பிறகு கொழுந்து நிறுக்கும் மடுவம். பெரட்டில் ஆள் எண்ணுவார்கள், மடுவத்தில் இறாத்தல் எண்ணுவார்கள். இரண்டு இடத்திலும் பேசுகிறவர் ஒருவர்; மற்ற எல்லாரும் நிற்கிறவர்கள்.

1930களில் அந்த மலைகளுக்கு நடுவே ஒரு பெண் எழுந்து நின்று பாடினார். சாமிப் பாட்டும் இல்லை, கல்யாணப் பாட்டும் இல்லை. உழைக்கிற சனத்தின் உரிமையையும் நாட்டின் அரசியலையும் பற்றிய பாட்டு. அவர் பெயர் மீனாட்சியம்மை. மலையகத் தொழிற்சங்க இயக்கத்தின் முன்னோடி கோ. நடேசய்யரின் மனைவி. வீதியில் நின்று கலை செய்கிற பெண்ணியவாதி என்றால் இன்று பெருநகரத்துச் சுவர்களில் வண்ணம் தீட்டும் பெண்களும், சந்திகளில் நாடகம் போடும் பெண்களும் நம் நினைவுக்கு வருகிறார்கள். மலைநாட்டில் அந்த வரிசையை எங்கிருந்து தொடங்குவது என்று என்னைக் கேட்டால் மீனாட்சியம்மையிடமிருந்துதான் தொடங்குவேன். எழுதச் சொந்தச் சுவரும் வாசிக்க எழுத்தறிவும் மறுக்கப்பட்ட ஒரு சனத்திடம் குரலைத் தவிர வேறெதை எடுத்துக்கொண்டு போக முடியும்?

அவர் செய்ததன் கனம் தெரிய வேண்டுமானால், அதற்கு முன் தோட்டத்துப் பெண் எங்கே பாடினாள், எதைப் பாடினாள் என்று பார்க்க வேண்டும். அவள் வாய் மூடி இருந்தவள் இல்லை. பிள்ளையைத் தூங்க வைக்கப் பாடினாள். மலையில் நிரை பிடித்துக் கொழுந்தெடுக்கும்போது, வேலை வாங்கும் கங்காணி எட்ட நின்றால், தெம்மாங்கு பாடினாள். திருவிழாவுக்குக் கும்மியடித்தாள். செத்த வீட்டில் மாரடித்து ஒப்பாரி வைத்தாள். சி.வி. வேலுப்பிள்ளை திரட்டித் தந்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' தொகுப்பைப் புரட்டினால் இந்தக் குரல்கள் எவ்வளவு அடர்த்தியானவை என்று தெரியும். மடக்கும்புர தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர் அவர். சொந்தச் சனத்தின் வாயிலிருந்து கேட்டு எழுதியவர். கங்காணியை ஏசுகிற பாட்டும், கடல் தாண்டி அழைத்து வந்த ஆசைவார்த்தையைச் சபிக்கிற பாட்டும் மலைநாட்டில் உண்டு. அவை கங்காணியின் காதுக்கு எட்டாத தூரத்தில் பாடப்பட்டவை.

அதே தோட்டங்களில் எல்லார் கண்முன்னாலும் நடந்த கலை கூத்து. காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் என்று மலையகம் தன் சொந்தச் சொத்தாகக் காத்துவந்த கூத்துகள். மாசி மாதத்தில் காமன் நட்டு, தப்பு முழங்க, விடிய விடிய நடக்கும் காமன் கூத்துக்கு ஒரு தோட்டமே கண் விழிக்கும். சிவனின் நெற்றிக்கண்ணில் மதன் எரிந்து சாம்பலாகிறான், ரதி புலம்புகிறாள். பார்த்துக்கொண்டிருக்கும் பெண்கள் ரதியோடு சேர்ந்து அழுகிறார்கள். ஆனால் வழிவழியாக ரதியாக நின்று அந்தப் புலம்பலைப் பாடியவர் ஓர் ஆண். சேலை கட்டி, பொட்டு வைத்து, பெண்ணின் துயரத்தைப் பெண்ணைவிட உருக்கமாகப் பாடுகிற ஆண். அந்தக் கலைஞர்களின் திறமையை நான் சிறிதும் குறைத்துச் சொல்லவில்லை. மலையகத்தின் நினைவைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்து வந்தவர்கள் அவர்கள். ஆனாலும் இந்த ஏற்பாட்டை உற்றுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. வீட்டுக்குள் ஒப்பாரி வைப்பது பெண்ணின் வேலை. அதே ஒப்பாரி களத்துக்கு வந்தால், பலர் பார்க்க நின்று பாட வேண்டி வந்தால், அதற்கு ஆண் வேண்டும்.

ஆகவே தோட்டத்துப் பெண்ணின் குரலுக்கு இரண்டு இடங்கள் வகுக்கப்பட்டிருந்தன: பிறப்பு ஒன்று, இறப்பு ஒன்று. தொட்டிலில் தாலாட்டலாம், பாடையின் பக்கத்தில் அழலாம். இவை இரண்டுக்கும் நடுவே ஐம்பது அறுபது வருஷ வாழ்க்கை கிடக்கிறது. விடியுமுன் எழுந்து ரொட்டி சுட்டுப் பிள்ளையைப் பிள்ளைமடுவத்தில் விட்டுப் பெரட்டுக்கு ஓடுவது, அட்டைக்கடியோடும் மழையோடும் மலையேறுவது, கூடையைத் தராசில் வைப்பது, கணக்கப்பிள்ளை முழுநாள் கூலிக்குப் பேர் போடுவதா, அரைநாள் கூலிக்கு அரைப்பேர் போடுவதா என்று அவர் பேனாவைப் பார்த்து நிற்பது, பொழுது சாய்ந்து லயத்துக்கு வந்து மறுபடி அடுப்பு மூட்டுவது. சம்பளநாளில் அவள் கூலியைப் புருஷனோ தகப்பனோ வாங்கிக்கொள்வது நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. இந்த நடு வாழ்க்கையைப் பற்றி அவள் உரக்க, பலர் முன், பதில் எதிர்பார்த்துப் பேச ஓர் இடம் இல்லை. மீனாட்சியம்மை நின்றது அந்த இடத்தில்.

நடேசய்யர் தஞ்சாவூர்க்காரர். பிராமணக் குடும்பத்தில் பிறந்து, ஆசிரியராக இருந்து, பத்திரிகைக்காரராக மாறி, இலங்கைக்கு வந்தவர். தோட்டங்களுக்குள் நேராக நுழைய முடியாததால் புடவை வியாபாரி வேஷத்தில் உள்ளே போய் லயங்களைப் பார்த்தார் என்பது மலையகத்தில் இன்றும் பெருமையாகச் சொல்லப்படும் கதை. கொழும்பிலிருந்து 'தேசநேசன்', 'தேசபக்தன்' பத்திரிகைகளை நடத்தினார், சட்டசபையில் உட்கார்ந்தார், தொழிலாளர் தலைவர் ஏ.ஈ. குணசிங்கவோடு சேர்ந்து தொழிலாளர் இயக்கத்தில் உழைத்து, பிறகு பிரிந்து, 1931ல் ஹட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். 1936ல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குப் போனார். இவ்வளவையும் மலையக எழுத்தாளர் சாரல்நாடன் தம் நூல்களில் பாடுபட்டுத் தேடி எழுதி வைத்திருக்கிறார். அவர் தேடியிருக்காவிட்டால் மீனாட்சியம்மையைப் பற்றி நமக்குத் தெரிந்த கொஞ்சமும் தெரிந்திருக்காது.

மீனாட்சியம்மை அந்தப் பத்திரிகைப் பணியில் தோளோடு தோள் நின்றார். 'தேசபக்தன்' இதழில் பெண்களின் உரிமை பற்றி எழுதினார். ஆனால் பத்திரிகை கொழும்பில் கடை வைத்திருப்பவர்களுக்கும் தோட்டத்தில் நாலெழுத்துப் படித்த கணக்கப்பிள்ளை, கங்காணிமாருக்கும் எட்டும், கொழுந்தெடுக்கிறவளுக்கு எட்டாது. அந்த இடைவெளியைப் பாட்டு கடந்தது. தொழிலாளர் கூட்டங்களில் அவர் பாரதியின் பாடல்களைப் பாடினார். பிற்பாடு தாமே எழுதிப் பாடினார். பாரதி இறந்து பத்து வருஷம்தான் ஆகியிருந்த காலம் அது. 1928ல் சென்னை அரசாங்கம் அவர் பாடல்களைப் பறிமுதல் செய்த காலத்தை ஒட்டியது. அந்தப் பாட்டுகளை ஒரு பெண்ணின் குரலில் முதன்முதலாகக் கேட்ட தோட்டத்துச் சனத்தின் முகங்களை நான் பலமுறை கற்பனை செய்து பார்த்திருக்கிறேன்.

வழக்கமாக இதை எப்படிச் சொல்வார்கள் என்றால், மீனாட்சியம்மை பாடிக் கூட்டம் சேர்த்தார், சேர்ந்த கூட்டத்தில் நடேசய்யர் பேசினார் என்பார்கள். பாட்டு பேச்சுக்கு முன்னோடி. பெண் ஆணுக்கு முன்னுரை. எனக்கு இந்த வரிசை சரியாகப் படவில்லை. பேச்சு முடிந்தால் சனம் கலைந்துவிடும். சொன்னதில் பாதிதான் மனதில் நிற்கும். பாட்டு அவர்களோடு லயத்துக்குப் போகும். அடுத்த நாள் மலைக்குப் போகும். கூட்டத்துக்கு வராதவள் வாய்க்கும் போகும். தடை செய்யப்பட்ட ஆளைத் தோட்டத்து எல்லையில் நிறுத்தலாம். ஒருத்தி முணுமுணுத்துக்கொண்டு வருகிற மெட்டை எந்தக் காவல்காரன் நிறுத்துவான்? பேச்சு கேட்டவர்கள் நடேசய்யரின் கருத்தை அறிந்தார்கள். பாட்டைக் கற்றுக்கொண்டவர்களோ அந்தக் கருத்தைத் தங்கள் மூச்சால் சொல்லிப் பார்த்தார்கள். பெரட்டுக்களத்தில் எண்ணப்பட்டே பழகிய சனத்துக்கு இது புது அனுபவமாகத்தான் இருந்திருக்கும்.

இதே காலத்தில் கொழும்பில் இன்னொரு விஷயம் நடந்தது. 1927 கடைசியில் அரசியல் சீர்திருத்தத்தை ஆராய டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்தபோது, பெண்களுக்கு வாக்குரிமை கேட்கப் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் உருவானது. பொன்னம்பலம் இராமநாதனைப் போன்ற பெரிய அரசியல் தலைவர்களே பெண்களுக்கு ஓட்டு எதற்கு என்று எதிர்த்துக்கொண்டிருந்தார்கள். சங்கத்தின் சார்பில் சாட்சியம் சொல்லப் போன அக்னஸ் டி சில்வாவிடம் டொனமூர் பிரபு, தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் ஓட்டு வேண்டும் என்கிறீர்களா என்று கேட்டாராம். அதிலென்ன சந்தேகம், அவர்களும் பெண்கள்தானே, எங்களுக்கு எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்ற அர்த்தத்தில் அக்னஸ் பதில் சொன்னார். அந்தப் பதிலுக்காக அவரை எவ்வளவு பாராட்டினாலும் தகும். அதே நேரம், அந்தக் கேள்வியை இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள். கொழுந்தெடுக்கிறவளுக்கு ஓட்டு வேண்டுமா என்பதைக் கொழுந்தெடுக்கிறவளிடம் யாரும் கேட்கவில்லை. கேட்க நினைத்திருந்தாலும் எந்தத் தெருவில் போய்க் கேட்டிருப்பார்கள்?

1931ல் சர்வசன வாக்குரிமை வந்தது. இருபத்தொரு வயதான ஆண், பெண் எல்லாருக்கும். ஆசியாவில் இவ்வளவு சீக்கிரம் அது வந்த நாடு இலங்கை. தோட்டத்துத் தமிழருக்கு மட்டும் குடியிருப்பு நிபந்தனைகள் என்ற முள்வேலியோடு வந்தது. ஓட்டு என்றால் என்ன, அதை வைத்து என்ன கேட்கலாம் என்று அந்தப் பெண்களுக்குப் புரிகிற பாஷையில், புரிகிற மெட்டில் சொல்ல ஆள் வேண்டியிருந்தது. பத்திரிகையில் எழுதியதைக் களத்தில் பாடுகிற மீனாட்சியம்மையின் வேலைக்கு அந்த வருஷங்களில் இருந்த அர்த்தம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

1940ல் அவர் தம் பாடல்களைச் சிறு புத்தகமாக அச்சிட்டார். தலைப்பு: 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை'. தலைப்பைப் பார்த்தால் ஏதோ அரசாங்க அறிக்கை என்று தோன்றும். உள்ளே இருப்பவை பாட்டுகள். சென்னைக் குஜிலிக்கடைத் தெருவிலிருந்து கொழும்பு வரைக்கும் அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட மலிவுப் பாட்டுப் புத்தகங்கள் ஏராளம். கொலைச் சிந்து, வெள்ளச் சிந்து, ரயில் விபத்துக் கும்மி. தெரிந்த மெட்டில் புதுச் செய்தி. சந்தையிலும் ரயிலடியிலும் பாடி விற்பார்கள். மலையகத்திலும் சம்பள நாட்களில் தோட்டத்துக்கு வந்து பாடி விற்ற பாட்டுப் புத்தகக்காரர்கள் இருந்தார்கள். அந்த வடிவத்தை ஒரு பெண் எடுத்து, அதில் நாட்டின் அரசியலை வைத்தார். இலங்கையில் இந்தியர்களின் நிலை ஆபத்தில் இருக்கிறது, மந்திரிமாரின் நடவடிக்கைகள் அவர்களை நெருக்குகின்றன, இனியும் தூங்கக் கூடாது, இதைப் பாட்டால் பரப்புவதே என் நோக்கம் என்பது அவர் சொன்னதன் சாரம்.

எந்த வருஷம் என்று கவனியுங்கள். 1939ல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிக்கு வேலை செய்த இந்தியர்களை வெளியேற்றும் திட்டம் வந்தது. அதே வருஷம் ஜூலையில் நேரு கொழும்புக்கு வந்து பேசினார். இலங்கை இந்தியர் காங்கிரஸ் பிறந்தது. இந்திய அரசாங்கம் தொழிலாளர்கள் இலங்கைக்குப் புதிதாகப் போவதைத் தடுத்தது. 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்து வேலைநிறுத்தத்தில் போலீஸ் சுட்டுக் கோவிந்தன் என்ற தொழிலாளி செத்தார். சிறு புத்தகம் இந்த நெருப்புக்கு நடுவே வந்தது. தலைவர்கள் தீர்மானம் எழுதிக்கொண்டிருந்தபோது ஒரு பெண், வரப்போகிற ஆபத்தைச் சிந்துக்குள்ளும் கும்மிக்குள்ளும் வைத்து முன்கூட்டியே சொன்னார்.

சொன்னபடியே நடந்தது. நடேசய்யர் 1947 நவம்பரில் காலமானார். அடுத்த வருஷம் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949ல் வாக்குரிமையும் போனது. ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தாங்கள் உழைத்து உண்டாக்கிய நாட்டில் நாடற்றவர்களானார்கள். 1964ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு என்றும் மூன்று லட்சம் பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. அவர்களைக் கேட்காமலே பிரித்தது.

1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் மலையகம் அதிகம் பேசாத ஒரு வரி உண்டு. இலங்கையில் பிறந்தவர் வம்சாவழிக் குடியுரிமை பெற வேண்டுமானால், அவருடைய தகப்பனார் இந்த மண்ணில் பிறந்திருக்க வேண்டும். அல்லது தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். தாய் எங்கே பிறந்தாள் என்பது கணக்கில் இல்லை. லயத்துக் காம்பராவில் இந்த மண்ணிலேயே பிறந்து, இந்த மண்ணிலேயே பிள்ளை பெற்று, ஐம்பது வருஷம் கொழுந்தெடுத்துக் கொடுத்தவளின் பிறப்புக்குச் சட்டத்தின் கண்ணில் பெறுமதி இல்லை. அரசாங்கம் இனத்தைப் பார்த்து ஓர் அடி அடித்தது. பெண் என்பதால் இன்னொரு அடி சேர்ந்து விழுந்தது. தாய் வழியாகவும் குடியுரிமை வரலாம் என்ற திருத்தம் வர 2003 ஆக வேண்டியிருந்தது.

இங்கே ஒரு சங்கடமான கேள்வியைத் தவிர்க்காமல் கேட்க வேண்டும். மீனாட்சியம்மையின் புத்தகத் தலைப்பில் இருப்பது 'இந்தியர்கள்'. பெண்கள் என்று தனியாக இல்லை. இன ஆபத்து முன்னே வந்து நின்றபோது பெண்ணின் கூலி, பெண்ணின் ஓட்டு, பெண்ணின் கைக்கு வராத சம்பளம் எல்லாம் பின்னே போயின. அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. உலகத்தில் எங்கெல்லாம் ஒரு சனம் நெருக்கப்படுகிறதோ அங்கெல்லாம் பெண்களிடம், உங்கள் விஷயத்தைப் பிறகு பார்ப்போம் என்றுதான் சொல்லப்பட்டிருக்கிறது. இன்னொன்றும் உண்டு. மீனாட்சியம்மை படித்தவர், பெரட்டில் நின்றவரோ கூடை சுமந்தவரோ அல்லர். கூட்டம் நடக்கும் அந்தி நேரத்தில் தோட்டத்துப் பெண் பீலிக்கரையில் தண்ணீருக்கு நிற்பாள், அல்லது அடுப்படியில் இருப்பாள். பெண்ணுக்காகப் பாடப்பட்ட பாட்டை முதலில் கேட்டவர்களில் பெரும்பாலோர் ஆண்களாகவே இருந்திருப்பார்கள். இதைச் சொல்வதால் அவர் செய்தது சிறுத்துவிடாது. அவர் திறந்த இடம் எவ்வளவு பெரியது, அதில் இன்னும் நிரம்பாமல் கிடந்தது எவ்வளவு என்று சரியாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

நிரம்பாமல் கிடந்ததற்குக் கூலியே சாட்சி. குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின்படி 1929ல் மலைநாட்டின் உயரத் தோட்டங்களில் ஆணின் நாட்கூலி 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். தேயிலையின் விலையைத் தீர்மானிக்கும் இரண்டு இலை ஒரு மொட்டைக் கிள்ளுகிற விரல் பெண்ணுடையது. கூலி குறைவும் அவளுக்கே. இந்த வித்தியாசம் சுதந்திரத்தோடு ஒழியவில்லை. காங்கிரஸ் சங்கங்கள் வந்தன, இடதுசாரிச் சங்கங்கள் வந்தன, எத்தனையோ வேலைநிறுத்தங்கள் நடந்தன. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமக் கூலி 1984ல்தான் வந்தது. அரை நூற்றாண்டுக்கு மேலாக ஒவ்வொரு நாளும், ஒவ்வொருத்தியிடமிருந்தும், சில சதங்கள் சட்டப்படி எடுத்துக்கொள்ளப்பட்டன. சங்கத் தலைவர்கள் கெட்டவர்கள் என்பதால் இவ்வளவு காலம் ஆனது என்று நான் சொல்லமாட்டேன். பேச்சுவார்த்தை மேசையில் உட்கார்ந்தவர்களில் 43 சதம் வாங்கியவர் ஒருவரும் இல்லை. வலிக்கிற இடத்தைத் தொட்டுக் காட்ட வலிக்கிறவர் அங்கே இருக்க வேண்டும்.

மீனாட்சியம்மைக்குப் பிறகு அந்த நடு வாழ்க்கைக்குள் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். கோகிலம் சுப்பையா 1964ல் 'தூரத்துப் பச்சை' நாவலில் தோட்டத்துப் பெண்ணின் முழு வாழ்க்கையையும் எழுதினார். ஆய்வாளர் குமாரி ஜயவர்தன இலங்கைப் பெண்களின் அரசியல் வரலாற்றை எழுதியபோது மீனாட்சியம்மைக்கு அதில் உரிய இடம் கொடுத்தார். ஆண்டுதோறும் மார்ச் 8 வரும்போதும், நவம்பர் 25 தொடங்கிப் பெண்கள் மீதான வன்முறைக்கு எதிரான பதினாறு நாட்களிலும், ஹட்டன், நுவரெலியாப் பக்கங்களில் தோட்டத்துப் பெண்களே வீதிநாடகம் போடுகிறார்கள். குடிகாரப் புருஷனாக நடிப்பதும் பெண்தான். ரதியாக ஆண் நின்ற களத்தில் இப்போது கணவனாகப் பெண் நிற்கிறாள். இந்த மாற்றத்தை மலையகத்து விமர்சகர்கள் இன்னும் ஆழமாகப் பார்க்க வேண்டும். கூத்தைப் பற்றி எத்தனை ஆய்வுக் கட்டுரைகள் இருக்கின்றன! இந்த நாடகங்களைப் பற்றியோ ஓர் ஆண்டு நிகழ்ச்சியின் செய்திக்குறிப்பு மட்டும்தான் மிஞ்சுகிறது.

தமிழ் பேசும் மற்ற இடங்களிலும் இதே ஓட்டம் உண்டு. திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா வளர்த்த சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறையைத் தோளில் மாட்டி அடித்தார்கள்; சாவுக்கு ஆண் அடித்த பறை, பெண்ணின் கையில் கொண்டாட்டத்தின் பறையானது. சென்னையில் அ. மங்கை 'மௌனக்குரல்' மூலமாகப் பெண்சிசுக் கொலையை நாடகமாக்கிக் கிராமங்களுக்குக் கொண்டுபோனார். யுத்தத்தின் நடுவிலும் பிறகும் மட்டக்களப்பில் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையத்தின் பெண்கள் பாட்டோடும் பறையோடும் தெருவுக்கு வந்தார்கள்.

ஆனால் மலையகத்துக்கு மிகவும் நெருங்கிய உதாரணம் கேரளத்து மூணாறில் நடந்தது. 2015 செப்டம்பரில் அங்கே தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த தமிழ்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் தெருவில் வந்து உட்கார்ந்தார்கள். போனஸ் குறைந்ததுதான் உடனடிக் காரணம். அந்தப் போராட்டத்துக்குப் பெம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை, என்று பின்னால் பெயர் வந்தது. ஆண் தொழிற்சங்கத் தலைவர்களைப் பந்தலுக்குள் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் போட்ட கோஷங்கள் பேச்சு மாதிரி இல்லை, பாட்டு மாதிரி இருந்தன. கொழுந்தெடுப்பது நாங்கள், பணம் பெருக்குவது நீங்கள் என்ற கணக்கை ஒருத்தி எடுத்துக் கொடுக்க, நூறு பேர் ஏற்றுச் சொன்னார்கள். ஹட்டனிலிருந்து மூணாறுக்குக் கடல் தாண்டிப் போக வேண்டும். ஆனால் அந்தப் பெண்களின் பாட்டிகளும் மலையகத்துப் பாட்டிகளும் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து, ஒரே மாதிரிக் கங்காணிமாரின் பின்னால் நடந்து போனவர்கள். அங்கே கேட்ட குரலை இங்கே உள்ளவர்கள் அந்நியமாக நினைக்க ஒரு காரணமும் இல்லை.

மீனாட்சியம்மையின் பாட்டு 1948ஐ நிறுத்தவில்லை. 43 சதத்தை 54 ஆக்கவில்லை. ஆகவே அந்தப் பாட்டு தோற்றது என்று ஒருவர் சொன்னால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். நாடற்றவர்களாக்கிய சட்டத்துக்குப் பின்னால் ஒரு நினைப்பு இருந்தது: இவர்கள் கூலிக்கு வந்தவர்கள், அரசியல் அறியாதவர்கள், எண்ணிப் பார்க்க வேண்டிய உருப்படிகள், கேட்டுப் பார்க்க வேண்டிய மனிதர்கள் இல்லை. அந்த நினைப்பைச் சட்டம் வருவதற்கு எட்டு வருஷம் முன்பே ஒரு பெண் பொய்யாக்கிவிட்டார். எங்களுக்கு என்ன நடக்கப் போகிறது என்று எங்களுக்குத் தெரியும், அது அநியாயம் என்றும் தெரியும் என்று அச்சில் ஏற்றி, மெட்டில் ஏற்றி, எல்லார் முன்னும் நின்று பாடிவிட்டார். அறியாத சனத்துக்கு நடந்தது என்று இனி எந்த வரலாறும் எழுத முடியாது. வாக்குரிமையை அரசாங்கம் கொடுக்கும், பறிக்கும். தனக்கு நேர்வதைத் தன் வாயால் பலர் முன் பெயர் சொல்லி அழைக்கிற உரிமையை ஒருவர் எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும்; எடுத்துக்கொண்ட பிறகு அதைப் பறிக்கச் சட்டம் கிடையாது. தெருவில் நின்று கலை செய்கிற பெண்ணின் வேலை அந்த எடுத்துக்கொள்ளல். படமாகவோ நாடகமாகவோ பாட்டாகவோ அது இருக்கலாம். வீட்டுக்குள் அழ அனுமதிக்கப்பட்ட ஒன்றை அவள் வெளியே கொண்டுவந்து, அழாமல் சொல்கிறாள்.

2024 நவம்பர் பொதுத்தேர்தலில் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் நாடாளுமன்றத்துக்குத் தெரிவானார்கள். மலையகத் தமிழ்ச் சமூகத்துப் பெண்கள் இப்படி மக்கள் வாக்கால் அங்கே போனது அதுதான் முதல் தடவை. சர்வசன வாக்குரிமை வந்து தொண்ணூற்று மூன்று வருஷம் கழித்து. அதற்கு முந்தைய வருஷம், மலையகத்தின் இருநூறு ஆண்டுகளை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் மூதாதையர் வந்த பாதையில் நடந்த நடைபயணத்திலும் பெண்கள் முன்வரிசையில் நடந்தார்கள்.

மடுவத்தில் தராசு இன்னும் தொங்குகிறது. நாளொன்றுக்கு இத்தனை கிலோ என்ற கணக்கு தோட்டத்துக்குத் தோட்டம் மாறும், எட்டாவிட்டால் அரைப்பேர். மழை நாளில் ஈரத்துக்கு என்று சில கிலோ கழிப்பார்கள், சாக்குக்கு என்று கழிப்பார்கள். எவ்வளவு கழித்தார்கள் என்று கேட்கிறவளை வாயாடி என்பார்கள். 2021ல் ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் வர்த்தமானியில் வந்தபோது, பல தோட்டங்களில் கிலோக் கணக்கையும் கூடவே ஏற்றினார்கள். இந்தக் கழிவுக்கு ஒரு சிந்து வேண்டும். அதை எழுதக்கூடியவள் தராசுக்கு எதிரே நிற்கிறவள்தான். மே தினக் கூட்டங்களில் தோட்டத்துப் பெண்களுக்கு இன்றைக்கும் கும்மியும் வரவேற்பு நடனமும் ஒதுக்கப்படுகின்றன. சம்பளத்தைப் பற்றிப் பேச மைக்கைப் பிடிக்கிறவர் பெரும்பாலும் ஆண். மேடையைக் கட்டுகிறவர்கள் அவளை அந்தக் கிலோக் கணக்கை, அவளுக்குப் பிடித்த மெட்டில், முதல் ஆளாகப் பாட விட வேண்டும். அந்த மேடைக்கான சங்கச் சந்தா மாதாமாதம் அவள் சம்பளத்திலிருந்துதான் கழிகிறது.